லாரியை ஒரு கையால் திருப்ப வைத்தவர்

கவரைப்பேட்டை வழியாகச் சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலை ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குப் பாரம் ஏற்றிய லாரிகள் அதில் வரிசையாகப் போகின்றன. பல டன் எடையோடு லாரி திரும்புகிறது. டிரைவருக்கு ஒரு கை போதும்!

இந்த வசதிக்கு வழி செய்தவர் பிரான்சிஸ் டேவிஸ். 1887-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்தார். பியர்ஸ்-ஆரோ மோட்டார் கம்பெனியில் லாரிப் பிரிவின் தலைமை என்ஜினீயர் ஆனார்.

அந்தக் காலத்து லாரியோடு டிரைவர் மல்லுக்கட்ட வேண்டும். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் வெடுக்கென்று சுழன்று கையைப் பதம் பார்த்துவிடும். டேவிசுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

1922-ல் வேலையை உதறினார். வால்தம் என்ற ஊரில் சிறு பட்டறை வைத்தார். ஜார்ஜ் ஜெசப் என்ற கைதேர்ந்த தொழிலாளி துணைக்கு வந்தார்.

எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஆனால் எண்ணெயை எந்நேரமும் அழுத்தத்தில் வைத்தால் ஒழுகிவிடும். என்ன செய்வது? வால்வைத் திறந்தே வைத்தார்! எண்ணெய் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு மூடும். அழுத்தம் ஏறும். அது சக்கரத்தைத் தள்ளும். இதுதான் பவர் ஸ்டீயரிங்.

1926-ல் இதைப் பொருத்திய காரை டெட்ராய்ட் நகருக்கு ஓட்டிச் சென்றார். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் பார்த்தார்கள், ஒப்பந்தமும் செய்தார்கள். அதற்குள் பொருளாதார நெருக்கடி வந்தது. செலவு அதிகம் என்று 1934-ல் கைவிட்டார்கள். எட்டு வருடக் காத்திருப்பு வீண்!

டேவிஸ் சோர்ந்துவிடவில்லை. பெண்டிக்ஸ் கம்பெனியோடு சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. கனத்த ராணுவ வண்டிகளுக்கு அவருடைய கருவி தேவைப்பட்டது.

1951-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் பவர் ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. அதற்கு உதவியவை காலாவதியாகிவிட்ட டேவிசின் காப்புரிமைகள்! கைவிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் மறுபடி அவரைத் தேடி வந்தது. 1952-ல் காடிலாக் கார்களில் அவருடைய கருவி ஏறியது.

ஒரு குறை இருந்தது. நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங் லேசாக இருந்தால் சுகம். வேகத்தில் லேசாக இருந்தால் ஆபத்து. கை சற்று அசைந்தாலும் கார் விலகிவிடும். ஆகவே வேகம் கூடக் கூட ஸ்டீயரிங்கை இறுக்கும் ஏற்பாடு பிறந்தது. 1970-ல் பிரான்சின் சிட்ரோன் எஸ்.எம். கார் அப்படி வந்தது. இப்போது பல கார்களில், வேகத்தை அளந்து சொல்லும் கருவியும் சிறு கம்ப்யூட்டரும் மோட்டாரும் அந்த வேலையைச் செய்கின்றன.

டேவிஸ் 1978-ல் காலமானார்.