ஓதங்களைக் கணக்கிட்ட அறிஞர்

காந்தப்புலத்தில் விரையும் மின்துகளின்மீது செயல்படும் விசையை லாரன்ஸ் விசை என்பர். அப்பெயருக்கு உரியவர் நெதர்லாந்து நாட்டு இயற்பியலாளர் ஹெண்ட்ரிக் அந்தூன் லாரன்ஸ். ஒளி, மின்னணு, காலம், வெளி ஆகியவற்றைக் குறித்து ஆழ்ந்து சிந்தித்த அவர், தம் வாழ்வின் பிற்பகுதியில் எட்டு ஆண்டுகளைக் கடல்நீரின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுவதற்குச் செலவிட்டார் என்பதைப் பலர் அறியார். அக்கணக்கின் விடையை நம்பியே வடகடலோர மக்களின் வீடும் வயலும் உயிரும் இருந்தன.

இளமையும் ஆய்வும்

லாரன்ஸ் 1853ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் ஆர்ன்ஹெம் என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் தந்தை நாற்றுப்பண்ணை நடத்தி வந்தார். தாயைச் சிறுவயதிலேயே இழந்த லாரன்ஸ், 1870இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர்ப் பிறந்த ஊருக்குத் திரும்பி, மாலைப் பள்ளியில் கற்பித்துக்கொண்டே ஆய்வைத் தொடர்ந்தார். ஒளியின் எதிரொளிப்பு, விலகல் குறித்த ஆய்வுக்காக 1875இல் முனைவர் பட்டம் பெற்றார். 1878இல், 25 வயது நிறையும் முன்பே, லெய்டனில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியரானார்.

காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிளவுபடுவதை அவருடைய மாணவர் பீட்டர் சீமன் கண்டறிந்தார். அதற்கான விளக்கத்தை லாரன்ஸ் அளித்தார். 1902ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1904இல் அவர் வெளியிட்ட சமன்பாடுகள், அடுத்த ஆண்டு ஐன்ஸ்டைன் முன்வைத்த சார்பியல் கொள்கையில் சிறப்பிடம் பெற்றன. 1911இல் பிரசெல்சு நகரில் கூடிய முதல் சால்வே மாநாட்டிற்கும் அவரே தலைமை தாங்கினார்.

நிலமும் நீரும் மாறிமாறி ஆளும் வெளி

நெதர்லாந்து, செருமனி, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் கரையோரமாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடப்பது வாடன் கடல். அதற்கும் ஆழமான வடகடலுக்கும் இடையே மணற்தீவுகள் வரிசையாக அமைந்து, பேரலைகளைத் தடுத்து நிற்கின்றன. நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்மட்டம் ஏறி இறங்குவதை ஓதம் என்பர். நாளொன்றுக்கு இருமுறை உயர் ஓதத்தின்போது தீவுகளின் இடைவெளிகள் வழியே கடல்நீர் உட்புகும். தாழ் ஓதத்தின்போது வெளியேறும். நீர் வடிந்தபின் கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை மணலும் சேறுமாக வெளிப்படும் நிலமே ஓதவெளி.

ஓதவெளி நீரின் வேக மாறுபாட்டால் உருவாகிறது. இடைவெளிகளில் விரைந்து புகும் நீர் மணலையும் நுண்சேற்றையும் சுமந்து வருகிறது. கரையை நெருங்கநெருங்க அதன் வேகம் தளர்கிறது. முதலில் பருமணலும், பின்னர் நுண்மணலும், இறுதியில் நுண்சேறும் படிகின்றன. படிந்த துகளை மீண்டும் கிளப்புவதற்கு, அது படிந்தபோது இருந்ததைவிட மிகுந்த வேகம் தேவை. எனவே வடியும் நீர் வந்த சேறு முழுவதையும் திரும்பக் கொண்டுசெல்வதில்லை. எஞ்சிய சேற்றை நுண்பாசிகள் சுரக்கும் பசைப்பொருள் பிணைக்கிறது. மட்டிகளும் நீரை வடிகட்டிச் சேற்றைக் கீழே சேர்க்கின்றன. குளிர் மிகுதியால் அங்கே அலையாத்திக் காடுகள் வளர்வதில்லை; உயர்ந்த சேற்றுத் திட்டுகளில் உவர்ப்பைத் தாங்கும் குறுஞ்செடிகளும் புற்களும் வேரூன்றி அவற்றை உவர்ப்புல்வெளியாக மாற்றுகின்றன. பனிக்காலப் புயல்களும் உறைந்த பனிக்கட்டிகளும் சேற்றை அரித்தெடுப்பதும் உண்டு. ஆதலால் ஓதவெளி ஆக்கமும் அழிவும் ஓயாது நிகழும் இடமாகும்.

ஒரு சட்டமும் ஒரு வினாவும்

வாடன் கடலுக்குத் தெற்கே நாட்டின் நடுப்பகுதிவரை நீண்டிருந்த ஆழமற்ற உட்கடல் சாய்டர்சே எனப்பட்டது. அதைக் கரையணையால் அடைக்கும் திட்டத்தைப் பொறியாளர் கொர்னேலிஸ் லெலி 1891இலேயே வகுத்திருந்தார். 1916 ஜனவரியில் வீசிய புயலில் கடல் பொங்கிச் சாய்டர்சேயின் கரைகளை உடைத்து ஊர்களை மூழ்கடித்தது. முதல் உலகப்போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாடும் புதிய விளைநிலத்தின் தேவையை உணர்த்தியது. 1918 ஜூனில் திட்டம் சட்டமானது.

ஆனால் ஒரு வினா எஞ்சி நின்றது. சாய்டர்சேக்குள் பரவித் தணிந்த நீர், அணை எழுந்தபின் எங்கே செல்லும்? அணைக்கு வெளியே வாழும் மக்களின் கரைகளை அது மீறினால், ஒரு பகுதியைக் காக்க எழுப்பிய அணை மற்றொரு பகுதியை அழித்துவிடும். பொறியாளர்களிடையே கருத்து ஒற்றுமை இல்லை. இவ்வினாவுக்கு விடை காண அரசு ஒரு குழுவை அமைத்து, 65 வயதை எட்டிய லாரன்ஸைத் தலைவராக்கியது.

எட்டு ஆண்டு உழைப்பு

உலகப் புகழ் பெற்றிருந்த லாரன்ஸ், பெயரளவில் தலைமை ஏற்று ஒதுங்கிவிடவில்லை. பழைய அளவைகளைக் கொண்டு ஊகிப்பதை விடுத்து, நீரின் இயக்கத்தை இயற்பியல் விதிகளிலிருந்தே கணக்கிட முற்பட்டார். கடலடித் தரையின் உராய்வு நீரோட்ட வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால் சமன்பாடுகள் தீர்ப்பதற்கு அரியனவாயின. ஓர் ஓதச் சுழற்சியில் இழக்கப்படும் ஆற்றல் மாறாதவாறு, வேகத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் எளிய உராய்வை அவர் பதிலாகக் கொண்டார். வாடன் கடலின் கால்வாய்களை ஒரு வலைப்பின்னலாகக் கருதி, ஒவ்வொன்றிலும் ஓடும் நீரைக் கணக்கிட்டார். அணையற்ற நிலையில் தாம் பெற்ற விடைகளை, அளந்தறிந்த ஓதங்களோடு ஒப்பிட்டுத் தம் முறையைச் சோதித்தார். அதன் பின்னரே அணை எழுந்த நிலையைக் கணித்தார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இவையனைத்தும் கையாலேயே செய்யப்பட்டன. இளம் பொறியாளர் தைசே அவருக்குத் துணைநின்றார்.

1926இல் வெளிவந்த அறிக்கை தெளிவான விடையைத் தந்தது. தணிந்துபோக இடமின்றி, ஓத அலை அணையில் மோதி மீளும். வரும் அலையும் மீளும் அலையும் சேர்ந்து மேற்கு வாடன் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைப் பெருக்கும். புயற்காலத்தில் நீர்மட்டம் மேலும் உயரும். எனவே வெளிப்புறக் கரைகளையும் உயர்த்தியாக வேண்டும் என்பது உறுதியாயிற்று.

மெய்ப்பட்ட கணக்கு

அணைப்பணி 1927இல் தொடங்கியது. அது நிறைவுறுமுன், 1928 பிப்ரவரி 4ஆம் நாள், ஹார்லம் நகரில் லாரன்ஸ் மறைந்தார். இறுதிச் சடங்கின்போது நாடெங்கும் தந்திச் சேவை மூன்று நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. ஐன்ஸ்டைனும் ரூதர்போர்டும் நேரில் வந்து அஞ்சலி செலுத்தினர்.

ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணை 1932 மே 28இல் முழுமை பெற்றது. ஓதங்கள் லாரன்ஸ் கணித்தவாறே உயர்ந்தன. அணையின் கிழக்குப் பகுதியிலுள்ள மதகுகளுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

சேறு எழுதும் தொடர்கதை

நீர் உடனே விடையளித்தது. சேறு மெல்ல விடையளித்து வருகிறது. அணையருகே ஓட்டம் தளர்ந்த பழைய கால்வாய்கள் வண்டலால் தூர்ந்தன. தீவுகளின் வெளிப்புறத்திலிருந்து மணல் அரிக்கப்பட்டு உட்பகுதியில் சேர்ந்தது. 1930களில் பரவிய நோயால் அழிந்த கடற்புல் படுகைகள், மாறிவிட்ட மேற்கு வாடன் கடலில் மீளத் தழைக்கவில்லை. சாய்டர்சே நன்னீர் ஏரியானது. அதன் மீனவர் பலர் வழிவழி வந்த தொழிலை இழந்தனர். பாதுகாப்பும் விளைநிலமும் பெற்ற நாடு அதற்குரிய விலையையும் தந்தது.

எஞ்சிய ஓதவெளியின் அருமை பின்னர் உணரப்பட்டது. நெடுந்தொலைவு பறந்து வலசை வரும் பறவைகள் இங்கே இறங்கி, சேற்றில் வாழும் புழுக்களையும் மட்டிகளையும் உண்டு வலுப்பெறுகின்றன. 2009இல் நெதர்லாந்து, செருமனி நாடுகளின் வாடன் கடற்பகுதிகள் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டன. 2014இல் டென்மார்க்கின் பகுதியும் இணைந்தது.

இயற்கையில் ஓரிடத்தில் எழுப்பும் தடை, தொலைவிலுள்ள கரையிலும் உணரப்படும். அவ்விளைவை முன்னரே அறிந்து சொல்வது அறிஞரின் கடமை எனக் கருதி, தம் முதுமையின் ஆண்டுகளை அதற்கு ஈந்தவர் லாரன்ஸ். அணுவினும் நுண்ணிய மின்னணுவை ஆராய்ந்த அவ்வறிவு, கடலோர எளிய மக்களின் கரைகள் எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்பதையும் அதே பொறுப்புடன் ஆராய்ந்தது.