ஐஸ் விற்றுக் கடனை அடைத்தவர்



நம் நெய்வேலி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே போய் வந்ததும் பிரிட்ஜைத் திறந்து ஜில்லென்று தண்ணீர் குடிக்கிறோம். பிரிட்ஜ் இல்லாத காலத்தில் சென்னைக்குக் கப்பலில் ஐஸ் வர வழி செய்த ஒருவரைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன்.

மெரினா எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதல்லவா? அந்தப் பகுதியை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். 1897இல் சுவாமிஜி தங்கிய அந்தக் கட்டடம் 1842இல் அமெரிக்க ஐஸைச் சேமிக்கும் கிடங்காகக் கட்டப்பட்டது. அந்த வியாபாரத்தின் முதலாளி பெயர் பிரெடரிக் டியூடர்.

டியூடர் 1783இல் பாஸ்டனில் வசதியான வக்கீல் குடும்பத்தில் பிறந்தார். சகோதரர்கள் கல்லூரிக்குப் போக, இவர் சிறு வயதிலேயே படிப்பை விட்டு வியாபாரத்தில் இறங்கினார். குளிர்காலத்தில் ஏரிகளில் இலவசமாக உறைந்து கிடக்கும் பனிக்கட்டியை வெட்டி, வெயில் தேசங்களில் விற்றால் என்ன என்று யோசித்தார். ஊரே சிரித்தது. சரக்கை ஏற்ற எந்தக் கப்பல்காரரும் முன்வராததால் சொந்தமாக ஒரு கப்பலையே வாங்கினார். 1806இல் சுமார் 130 டன் ஐஸோடு மார்டினிக் தீவுக்குப் போனார். ஐஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே அதை இறக்கிவைக்கக் கிடங்கு இல்லை. கண் முன்னே கரைந்தது. ஆயிரக்கணக்கான டாலர் நஷ்டம்.

வங்கியில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். முதல் நஷ்டத்தோடு கடையை மூடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டியூடர் மூடவில்லை. 1812, 1813 ஆண்டுகளில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். வெளியே வந்து மறுபடியும் கடன் வாங்கி ஐஸே விற்றார்.

இந்த முறை அவர் கவனம் வைத்தது கிடங்கில். இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் வெப்பம் புகாத பொருளை அடைத்தார். வைக்கோல், உமி என்று பலவற்றையும் சோதித்துக் கடைசியில் மரத்தூளில் வந்து நின்றார். மர அறுவை ஆலைகளில் வீணாகக் கிடந்த பொருள் அது. தூளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தை உள்ளே விடுவதில்லை. 1825 வாக்கில் நாதானியேல் வையத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையை உருவாக்கினார். கட்டிகள் ஒரே அளவில் வந்தன. இடைவெளியில்லாமல் அடுக்கியதால் கரைவது குறைந்தது.

1833இல் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. பிறகு பம்பாயிலும் சென்னையிலும் கிடங்குகள் எழுந்தன.

அந்தச் சமயத்தில்தான் காபி விலையில் ஊக வியாபாரம் செய்து இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கடனாளியானார். கடன் கொடுத்தவர்கள் அவரை முடக்கவில்லை, தொழில் நடத்த விட்டார்கள். சுமார் பதினைந்து வருடத்தில் ஐஸ் விற்றே வட்டியோடு அடைத்துவிட்டார். 1864இல், 80 வயதில், செல்வந்தராக இறந்தார். நீராவி எந்திரத்தில் ஐஸ் செய்யும் முறை பின்னால் வந்து கப்பல் ஐஸை ஒழித்தது.

இனி நம் வீட்டு விஷயம். டியூடரின் மரத்தூள் செய்த வேலையைத்தான் உங்கள் பிரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் நுரை செய்கிறது. கதவு ரப்பர் தளர்ந்தால் அந்தச் சுவர் இருந்தும் பயனில்லை. என் வீட்டில் அது கிழிந்திருந்ததை ஒரு வருடம் கவனிக்காமல் கரண்ட் பில்லைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடுங்கள். இழுத்தால் தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். சாம்பார் ஆறிய பிறகு உள்ளே வையுங்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். பிரீசரில் பனி தடித்தால் கரைத்துவிடுங்கள். புதிதாக வாங்கினால் நட்சத்திரத்தோடு, ஸ்டிக்கரில் உள்ள வருடாந்திர யூனிட் எண்ணையும் பாருங்கள்.

நம் ஊர் அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. வருடத்துக்கு 100 யூனிட் குறைத்தால் 100 கிலோ மிச்சம்; பில்லும் குறையும்.

ரப்பர் மாற்ற வேண்டியவர்கள் சங்கத்தில் பெயர் கொடுங்கள். நாலைந்து வீடு சேர்ந்தால் ஒரே நாளில் ஆளை வரவழைத்துவிடலாம்.