சுவரொட்டிக் கலையின் தந்தை

கலை என்பது மாளிகைகளிலும் காட்சிச் சாலைகளிலும் மட்டும் உறைவதன்று; நாற்சந்தியில் உள்ள வெறுஞ்சுவரிலும் அது குடியேற வல்லது. இவ்வுண்மையைத் தம் உழைப்பால் நிலைநாட்டியவர் பிரெஞ்சு நாட்டு ஓவியர் ஜூல் ஷெரே ஆவார்.

ஷெரே 1836ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் பிறந்தார். அவர் தந்தையார் அச்சுக்கோக்கும் தொழிலாளர். குடும்பத்தின் வறுமையால் மைந்தரை நெடுங்காலம் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை. ஆகவே, ஷெரே தம் 13ஆம் வயதிலேயே கல்லச்சுக்கூடம் ஒன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார்.

வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புச் சேர்ந்த கோலால் படம் வரைவர்; பின்பு கல்லை நீரால் நனைப்பர். எண்ணெயும் நீரும் ஒட்டா அல்லவா? அதனால் கல்லின்மேல் உருட்டும் எண்ணெய் மை, வரைந்த இடத்தில் மட்டும் பற்றும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். இதுவே கல்லச்சு முறை. வண்ணப்படமாயின் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும்.

1858ஆம் ஆண்டில், இசைவாணர் ஆஃபன்பாக்கின் நாடகம் ஒன்றிற்கு ஷெரே வரைந்த சுவரொட்டி பாராட்டுப் பெற்றது. எனினும், அதனால் தொடர்ந்து வேலை கிட்டவில்லை. அவர் மனந்தளராது இலண்டன் சென்றார். அங்குப் பெரிய அச்சுப்பொறிகளின் நுட்பங்களைக் கற்றார். ரிம்மல் என்னும் நறுமணப்பொருள் வணிகர் அவர்தம் திறமையை உணர்ந்து பொருளுதவி புரிந்தார். 1866ஆம் ஆண்டில் ஷெரே பாரிசுக்குத் திரும்பிச் சொந்தமாக அச்சுக்கூடம் நிறுவினார்.

அந்நாளைய விளம்பரத் தாள்களிற் பல, எழுத்துகள் நெருங்கிய ஏட்டுப் பக்கம்போல் இருந்தன. நூலைப் படிப்பவர் அமர்ந்து படிப்பர். சுவரொட்டியைக் காண்பவரோ நடந்துகொண்டோ வண்டியில் விரைந்துகொண்டோ இருப்பர். அவர்களை ஒரு நொடியில் ஈர்த்தல் வேண்டும். இதனை நன்குணர்ந்த ஷெரே, தாளின் நடுவே துள்ளி எழும் உருவம் ஒன்றைப் பெரிதாக வரைந்தார். சொற்களைக் குறைத்து, எழுத்துகளைத் தொலைவிலிருந்தும் தெரியுமாறு பெரிதாக்கினார். அவ்வெழுத்துகளையும் உருவத்தின் வளைவுக்கு இசைய அமைத்தார். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய ஒளிமிகு வண்ணங்களை ஆண்டார். மஞ்சளின்மேல் நீலம் படியப் பச்சை தோன்றும். தூரிகையால் மையைத் தூறல்போல் தெளிக்க, வண்ணம் மெல்ல மெல்ல வெளிறும். இங்ஙனம் சில கற்களைக்கொண்டே பல நிறங்களைக் காட்டிச் செலவையும் சுருக்கினார்.

விளக்கேற்ற உதவும் மண்ணெண்ணெய் ஒன்றிற்கு அவர் வரைந்த சுவரொட்டிகள் புகழ் வாய்ந்தவை. அவற்றில் எண்ணெய்ப் பீப்பாயை அவர் வரையவில்லை. மங்கை ஒருத்தி விளக்கின் சுடரைத் திருத்தி நிற்பதையே வரைந்தார். பொருளைக் காட்டுவதினும் அதனால் வரும் பயனைக் காட்டுதலே மனத்தைக் கவரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சுவரொட்டியின் வாழ்நாள் மிகக் குறுகியது. இன்று ஒட்டியது நாளை மழையில் நனைந்து கிழியும். அன்றி, அதன்மேல் வேறொன்று ஒட்டப்படும். இதனை அறிந்தும் ஷெரே தம் பணியில் குறைவைத்தாரல்லர். ஆயிரத்திற்கு மேற்பட்ட சுவரொட்டிகளை அவர் ஆக்கினார். அவற்றைச் சுவரினின்று உரித்தெடுத்துச் சென்று போற்றி வைத்தவரும் இருந்தனர்! வறுமையால் ஓவியக்கூடம் புக முடியாத எளியோரும் தெருவில் நடந்தவாறே வண்ண ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்தனர்.

1889ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அவருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. 1890ஆம் ஆண்டில், அச்சுத் தொழிலோடு கலையை இணைத்தமைக்காகப் பிரெஞ்சு அரசு அவருக்குச் செவாலியே விருது அளித்தது. துலூஸ் லொத்ரெக் முதலிய இளைய ஓவியர்கள் அவர் வகுத்த வழியில் சென்று புகழ் எய்தினர்.

முதுமையில் ஷெரே நீஸ் நகரில் வாழ்ந்தார். மக்கள் கண்களுக்கெல்லாம் விருந்தளித்த அவர்தம் கண்ணொளி மங்கிற்று. ஆயினும் புகழொளி மங்கவில்லை. 1928ஆம் ஆண்டில் அந்நகரின் கலைக்கூடம் அவர் பெயரைத் தாங்கித் திறக்கப்பெற்றது. 1932ஆம் ஆண்டில், தம் 96ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

ஒருநாளே நிற்கும் பணியாயினும் அதனை நூறாண்டு நிற்பதுபோல் செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்தமையால், மழையில் கரையவேண்டிய தாள்கள் இன்று அருங்காட்சியகங்களில் அணிசெய்கின்றன.