முதுமையில் தூரிகை

1927ஆம் ஆண்டு மலாயாவுக்கு வருகை புரிந்த கவிஞர் இரவீந்திரநாத் தாகூர், பினாங்குக்கும் வந்தார். நோபல் பரிசு பெற்ற கவிஞராகவே உலகம் அவரை அறிந்திருந்தது. அடுத்த ஆண்டே அவர் முழுமூச்சாக ஓவியம் தீட்டத் தொடங்கினார்.

இளமையில் தாகூர் படம் வரைந்து பார்த்ததுண்டு. கைவரவில்லை என்று விட்டுவிட்டார். அவருடைய அண்ணன் முறையினரின் மகன் அவனீந்திரநாத் பெரும் ஓவியராக வளர்ந்தார். தாகூரோ எழுத்தோடு நின்றார். அறுபது வயதைக் கடந்தபின், கையெழுத்துப் படியில் தாம் அடித்த சொற்களைக் கோடுகளால் இணைக்கலானார். அந்த அடித்தல்கள் பறவைகளாகவும் விசித்திர விலங்குகளாகவும் உருமாறின. பின்னர்த் தனித்தாளில் வண்ண மையாலும் நீர்வண்ணத்தாலும் தீட்டினார். தூரிகை மட்டுமன்று, துணியும் விரலும்கூட அவருக்குக் கருவிகளாயின. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய அவர் இடர்ப்பட்டார் என்பர். அதற்காக வண்ணங்களை ஒதுக்கவில்லை.

முறையாகப் பயிலாத முதியவரின் படங்களைக் கலையுலகம் ஏற்குமா? 1930இல் பாரிசு நகரில் துணிந்து முதல் கண்காட்சியை நடத்தினார். அதே ஆண்டில் பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் நகரங்களிலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. 1941இல் மறையும்வரை 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்களைப் படைத்தார். சொல்லில் வல்லவரான அவர், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே இடவில்லை.