கிராமத்துக்கும் செய்தி தந்த ஜி. சுப்பிரமணிய ஐயர்

தேர்தல் நெருங்கினால் மண்ணூர் போன்ற ஊர்களில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் அரசியல் பேசுகிறார்கள். அரசு என்ன செய்தது என்பதைத் தமிழிலேயே படித்துவிட்டுப் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் அதற்கு வழியே இல்லாதிருந்தது. அந்த வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

1855-இல் திருவையாற்றில் பிறந்த இவர், சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1878-இல் முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஓர் இந்தியருக்கு இப்பதவியா என்று ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் எதிர்த்தன. பதில் சொல்ல நம்மவர்களிடம் வலுவான பத்திரிகை இல்லை. எனவே இவரும் ஐந்து நண்பர்களும் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, செப்டம்பர் 20 அன்று 'தி ஹிந்து' வார இதழை 80 பிரதிகள் அச்சிட்டனர்.

ஆனால் அதைப் படிக்க ஆங்கிலம் தெரிய வேண்டும். வரி கட்டிய விவசாயிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலப் பத்திரிகை ஆட்சியாளரோடு வாதாடியது, ஆளப்பட்டவரோடு பேசவில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் 1882-இல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். அவர் செய்தவற்றில் இதுவே பெரியது என்பது என் எண்ணம். அரசியல் செய்திகளுக்குத் தமிழில் சொற்களே போதாத காலம் அது. 1899-இல் அது நாளிதழானது. 1904-இல் பாரதியார் அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தார்.

1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில், இந்திய நிர்வாகத்தை விசாரிக்கக் கோரிய முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இவரே. ஊருக்குச் சொன்ன சீர்திருத்தத்தை வீட்டிலும் செய்தார்: 1889-இல், விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். உறவினர் ஒதுக்கினர். 1898-இல் 'தி ஹிந்து'வை விட்டு விலகினார். தமிழ்ப் பத்திரிகையை விடவில்லை.

அதற்கும் விலை இருந்தது. 1908-இல் அரச நிந்தனைக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அப்போதே நோயாளி. உறுதிமொழி கொடுத்துத்தான் வெளியே வர முடிந்தது. 1915-இல் பத்திரிகை ஏ. ரங்கசாமி ஐயங்காரின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று ஐயர் காலமானார். அவர் யாருக்காகத் தமிழில் எழுதினாரோ, அந்தக் கிராமத்து மக்களில் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை இருந்த முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல்தான் நடந்தது.