குடியானவர்க்குக் குரலான வணிகர்

வணிகர்க்கு வரவு செலவே வாழ்க்கை என்று எண்ணுவோர் உண்டு. கடல் கடந்து பொருளீட்டியோர் வாழ்ந்த பள்ளத்தூர்ப் பகுதியினராகிய நாம், அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிய சென்னை வணிகர் ஒருவரை அறிதல் வேண்டும். அவரே கஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

1806-ல் பிறந்த அவர், தந்தையின் அவுரி, துணி வாணிபத்தில் ஈடுபட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். 1844-ல் ‘கிரசென்ட்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1852-ல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவினார்.

அமெரிக்காவில் 1828-ல் சொத்தில்லாத வெள்ளையர் பலரும் வாக்களித்து ஆண்ட்ரூ ஜாக்சனைக் குடியரசுத் தலைவராக்கினர். கம்பெனி ஆட்சியில் நம் உழவர்க்கோ வாக்குமில்லை. அவர் குறையைக் கேட்பாருமில்லை. நிலவரி கட்டத் தவறிய குடியானவரின் விரல்களைக் கிட்டியில் நெரித்தனர். அண்ணாந்தாள் பூட்டி வெயிலில் வாட்டினர். இக்கொடுமைகளைச் சங்கம் மனுவாக எழுதிப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1853-ல் இங்கு வந்த பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரைச் செட்டியார் பல ஊர்களுக்கும் அழைத்துச் சென்று உண்மையை நேரில் காணச் செய்தார். அதன் பயனாக 1854-ல் விசாரணைக் குழு அமைந்தது. வரி வசூலில் சித்திரவதை நடந்தது உண்மையே என 1855-ல் அக்குழுவே ஒப்புக்கொண்டது.

பிற்காலத்தில் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினராகவும் விளங்கிய அப்பெருமகனார், ஈட்டிய பொருளெல்லாம் கரைய, 1868-ல் வறுமையில் மறைந்தார்.

வாக்கில்லாதவர்க்காகத் தம் செல்வத்தை இழந்தார் அவர். வாக்குரிமை பெற்றுள்ள நாம் அதனைச் சில ரூபாய்க்கு விற்கலாமா? மாணவ நண்பர்களே, சிந்திப்போம்!