வரியும் கணக்கும்: ஜி. சுப்பிரமணிய ஐயரின் வாழ்க்கை

கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறையைக் கடந்து மலைக்குள் வெகுதூரம் சென்றால் கூக்கால் என்னும் சிற்றூரைக் காணலாம். மலைச்சரிவைப் படிப்படியாகச் செதுக்கி, பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு ஜீவிக்கும் குடியானவர்களின் ஊர் அது. அங்கே பூண்டு விளையும், உப்பு விளையாது. மோட்டார் சாலைகள் ஏற்படாத பழைய நாட்களில், கடற்கரையில் விளைந்த உப்பு பொதிமாட்டின் மீதும் மனிதர் தலை மீதும் ஏறித்தான் பழனி மலைக்கு வந்து சேர வேண்டும். அவ்வாறு வந்த ஒவ்வொரு பிடி உப்பிலும் சர்க்கார் வரி கலந்திருந்தது. வரி வசூலிக்கும் சேவகன் கூக்காலுக்கு ஏறி வரவேண்டிய அவசியமே இல்லை. உப்பு வந்தால் வரியும் கூடவே வந்துவிடும்.

அதே காலத்தில் சென்னைக் கவர்னரும் அவருடைய காரியதரிசிகளும் வேறொரு மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். வெயில் தொடங்கியதும் ராஜதானியின் ஆட்சி முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டு உதகமண்டலம் சென்று, மாதக்கணக்கில் அங்கே தங்குவது வழக்கம். அந்தப் பிரயாணச் செலவிலும், மாளிகைச் செலவிலும் கூக்கால் குடியானவனின் உப்புக்காசும் சேர்ந்திருந்தது. தான் கொடுத்தது எவ்வளவு, அது எங்கே சென்றது என்று அவன் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவனுக்குச் சொல்லுவாரும் இல்லை. வரி அதிகம் என்று முணுமுணுப்பது உலகத்தில் எல்லா ஜனங்களுக்கும் இயல்பு. அந்த முணுமுணுப்பைக் கணக்காக்கி, கணக்கைக் கேள்வியாக்கி, கேள்வியை வரி கொடுப்பவனின் சொந்த பாஷையிலேயே அவனுக்குக் கற்பித்தவர்கள் மிகச் சிலர். தமிழ்நாட்டில் அவர்களுள் முதன்மையானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

அவர் தஞ்சாவூர் ஜில்லா திருவையாற்றில் 1855-ஆம் வருஷம் ஜனவரி மாதம் பிறந்தார். தகப்பனார் கணபதி தீக்ஷிதர், ஊரில் வக்கீல் தொழில் செய்தவர். அந்த வருஷத்துக்கு வரி சரித்திரத்தில் தனிப்பட்ட இடமுண்டு. சென்னை ராஜதானியில் நிலவரி பாக்கி வைத்த குடிகளை ரெவினியூ சிப்பந்திகள் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரித்த கமிஷன் 1855-லேதான் தன் அறிக்கையை வெளியிட்டது. விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பதும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதுமான கொடுமைகளை அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. திருவையாற்றுக் குழந்தை வளர்ந்து வாலிபனாவதற்குள் கிட்டி மறைந்தது, கிஸ்தி மறையவில்லை. பாக்கிக்காக உடலை வருத்துவதற்குப் பதிலாக நிலத்தை ஏலம் போடும் நாகரிக முறை ஓங்கியது.

பதின்மூன்றாம் வயதில் தகப்பனாரை இழந்த சுப்பிரமணிய ஐயர் தஞ்சாவூரில் படித்து, சென்னையில் உபாத்தியாயர் பயிற்சி பெற்று, செங்கற்பட்டிலும் சென்னையிலும் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே 1877-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்த வருஷம் சென்னை ராஜதானி எங்கும் பெரும் பஞ்சம். பல லக்ஷம் ஜனங்கள் மாண்டார்கள். அந்தப் பஞ்சம் முற்றும் நீங்குமுன்பே, 1877-ஆம் வருஷக் கடைசியில், சென்னை ராஜதானியின் உப்பு வரி ஒரு வங்காள மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. அந்த உப்பை விளைவிக்கும் செலவோ சில அணாக்களே. எலும்பும் தோலுமாக நின்ற ஜனங்களிடம் வரியை உயர்த்தியதைக் கண்ணால் கண்ட தலைமுறையில் இவர் ஒருவர்.

அடுத்த வருஷம், 1878-ல், முத்துசாமி ஐயர் சென்னை ஹைக்கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்த நியமனத்தைத் தூற்றின. பதில் சொல்ல நம்மவர்க்குப் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு வாலிபர்கள் ஒன்றுகூடினார்கள்; இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணாக்கர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடனாக வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, செப்டம்பர் 20-ஆம் தேதி ஹிந்து பத்திரிகையை வெளியிட்டார்கள். ஆசிரியர் பொறுப்பு இருபத்து மூன்று வயது நிரம்பிய சுப்பிரமணிய ஐயருடையது.

பத்திரிகை தோன்றிய முதல் பத்து வருஷங்களில் நடந்த வரி விஷயங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஆசிரியர் ஏன் கணக்கின் பக்கம் திரும்பினார் என்பது விளங்கும். 1878-ல் பஞ்ச நிவாரணத்துக்கென்று லைசென்ஸ் வரி விதித்தார்கள். பஞ்ச நிதிக்கு ஒதுக்க வேண்டிய பணம் ஆப்கன் யுத்தத்துக்குப் போயிற்று என்ற குற்றச்சாட்டு வெகு சீக்கிரம் எழுந்தது. 1882-ல் உப்பு வரி 2 ரூபாயாகக் குறைந்தது. ஆனால் அதே வருஷம் மாஞ்செஸ்டர் ஆலை முதலாளிகளின் வெகுநாள் விருப்பப்படி துணி இறக்குமதி வரியும் நீக்கப்பட்டது. 1885-ல் மேல் பர்மாவின் மீது படையெடுத்தார்கள். செலவு இந்தியப் பொக்கிஷத்தின் தலையில் விழுந்தது. 1886-ல் வருமான வரிச் சட்டம் பிறந்தது. 1888-ல் உப்பு வரி மீண்டும் 2 ரூபாய் 8 அணாவுக்கு ஏறியது. பர்மாவில் ஒரு ராஜாவைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கியதற்கும், கூக்காலில் ஒரு கிழவி கஞ்சிக்கு உப்பு குறைத்துப் போடுவதற்கும் சம்பந்தம் உண்டென்பதை இந்த வரிசை காட்டுகிறது. செலவை முதலில் நிச்சயித்துவிட்டு அதற்கேற்ப வரியைத் தேடுகிற ஆட்சி அது. ஆகவே வரியைக் குறைக்கச் சொல்லி அழுவதில் பயனில்லை, செலவின் மீதே கை வைக்கவேண்டும் என்பது ஐயரின் முடிவு.

1884-ல் நண்பர்களுடன் சேர்ந்து சென்னை மகாஜன சபையை நிறுவினார். 1885 டிஸம்பர் 28-ஆம் தேதி பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடியபோது, அதன் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் இவரே. இந்திய நிர்வாகம் இங்கும் இங்கிலாந்திலும் நடைபெறும் விதத்தை ராஜாங்க கமிஷன் ஒன்று விசாரிக்கவேண்டும் என்பது அத்தீர்மானம். ராணுவச் செலவை உயர்த்துவது அவசியமற்றது என்றும் அதே சபை தீர்மானித்தது. இந்திய தேசிய இயக்கத்தின் முதல் சொல் கணக்குக் காட்டு என்பதாக இருந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

இவ்வளவு தைரியத்தோடு ஆட்சியாளரைக் கேள்வி கேட்டவர் தம் வீட்டையும் தம் சமூகத்தையும் கேள்வி கேட்கத் தயங்கவில்லை. இளவயதில் விதவையான தம் மகளுக்கு 1889-ல், காங்கிரஸ் கூடிய பம்பாயில், மறுமணம் செய்துவைத்தார். உற்றாரும் ஊராரும் அவரைப் புறக்கணித்தார்கள். மேடையில் ஒரு நீதி, மனையில் ஒரு நீதி என்று வாழ்ந்தவரல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆங்கிலத்தில் எழுதினால் கவர்னர் படிப்பார், கலெக்டர் படிப்பார், வக்கீல்கள் படிப்பார்கள். வரி கொடுக்கும் பெருங்கூட்டம் படிக்காது. இதை உணர்ந்தே 1882-ல் சுதேசமித்திரனைத் தமிழில் வாரப் பத்திரிகையாகத் தொடங்கினார். பொருளாதாரத்தையும் வரவு செலவையும் தமிழில் எழுதிப் பழக்கமில்லாத காலம் அது. சொற்களைக்கூடத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. 1898-ல் கருத்து வேற்றுமையால் ஹிந்து பத்திரிகையை விட்டு விலகியபின், இருபது வருஷ உழைப்பைக் கைநழுவ விட்ட மனச்சோர்வுக்கு இடங்கொடாமல், அடுத்த வருஷமே சுதேசமித்திரனைத் தினசரியாக்கினார். 1904-ல் சுப்பிரமணிய பாரதியை உதவி ஆசிரியராக அழைத்துக்கொண்டவரும் அவரே. ஆங்கிலம் கற்றவர்கள் தமிழில் எழுதுவதைத் தாழ்வாக எண்ணிய நாட்களில், நாட்டின் வரவு செலவைத் தமிழில் பேசலாம் என்று நிரூபித்தது அவருடைய பெரிய தொண்டு.

பம்பாயில் அவர் கேட்ட ராஜாங்க கமிஷன் பத்து வருஷம் கழித்து, 1895-ல், ஓரளவுக்கு வந்தது. வெல்பி பிரபுவின் தலைமையில் இந்தியச் செலவை மட்டும் விசாரிக்க அமைந்த கமிஷன் அது. தாதாபாய் நௌரோஜி அதில் ஓர் அங்கத்தினர். 1897-ல் லண்டனில் சாக்ஷி சொல்ல நான்கு இந்தியர் சென்றார்கள்: பம்பாய் மாகாணத்திலிருந்து வாச்சாவும் கோகலேயும், வங்காளத்திலிருந்து சுரேந்திரநாத் பானர்ஜியும், சென்னையிலிருந்து சுப்பிரமணிய ஐயரும்.

அங்கே எழுந்த வழக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். லண்டனில் இருந்த இந்தியா மந்திரியின் காரியாலயச் செலவு, கடன் வட்டி, பென்ஷன், பட்டாளச் செலவு ஆகியவை ஆண்டுதோறும் இந்தியாவிலிருந்து பவுனாக அனுப்பப்பட்டன. அந்த நூற்றாண்டின் முடிவில் அது சுமார் 1 கோடியே 70 லக்ஷம் பவுன். 1870-ஐ ஒட்டி ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 10 ரூபாய் போதும். வெள்ளி விலை சரிந்ததால் 1894-ல் 18 ரூபாய்க்கு மேல் வேண்டியிருந்தது. அதே பவுனுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு ரூபாய். அந்த ரூபாயைக் கொடுப்பவனோ குடியானவன். அவனுக்கு நஷ்டஈடு கொடுப்பார் இல்லை. ஆனால் ஐரோப்பிய உத்தியோகஸ்தர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் குறையலாகாதென்று 1893-ல் அவர்களுக்கு விசேஷப் படி வழங்கப்பட்டது; அதுவும் அவனுடைய பணமே. இந்தியாவின் எல்லைக்கு அப்பால் நடந்த யுத்தங்களின் செலவையும் அவனே சுமந்தான்.

1900-ல் வெளிவந்த அறிக்கை சிறு தொகைகளைப் பிரிட்டிஷ் பொக்கிஷம் ஏற்கலாம் என்று பெரும்பான்மையோர் கருத்தாகச் சொல்லிவிட்டு ஓய்ந்தது. நௌரோஜி உள்ளிட்ட மூவர் மாறுபட்டு எழுதினார்கள். கேட்டது மலையளவு, கிடைத்தது தினையளவு. ஆயினும் கணக்கு பகிரங்கமாகிவிட்டது. 1903-ல் உப்பு வரி 2 ரூபாயாகவும், 1905-ல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-ல் 1 ரூபாயாகவும் இறங்கியது. இது ஒருவர் சாதனையன்று. இருபது வருஷம் ஓயாமல் கேட்ட பலரின் பலன். கேட்டவர்களில் சலியாதவர் இவர்.

வரி என்றாலே தீமை என்று அவர் எண்ணினாரென்று கருதுவது தவறு. 1903-ல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார அம்சங்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், தேசத்தின் வறுமை விதியினால் வந்ததல்ல, கொள்கையினால் வந்தது என்பதை எடுத்துக்காட்டுவது. கைத்தொழில் வளரவும், தொழிற்கல்வி பரவவும் சர்க்கார் பணம் செலவிடவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். வாங்கிய வரி வாய்க்காலாகவும் பள்ளிக்கூடமாகவும் திரும்பி வந்தால் குடிகள் பொறுப்பார்கள். பீரங்கியாகவும் பென்ஷனாகவும் கடல் கடந்தால் பொறுக்கமாட்டார்கள். மேகம் கடல்நீரை முகந்து நிலத்தில் பெய்கிறது. முகந்ததை வேறு நாட்டில் பெய்யும் மேகத்தை யார் வாழ்த்துவர்?

கமிஷன் அறிக்கையும், அதன் பின் வந்த வங்கப் பிரிவினையும் ஆங்கிலேயரின் நியாய உணர்ச்சியில் அவருக்கிருந்த பழைய நம்பிக்கையைக் கரைத்துவிட்டன. அவருடைய எழுத்தில் சூடு ஏறியது. 1908-ல் சுதேசமித்திரன் கட்டுரைகளுக்காக ராஜத்துவேஷக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். அப்போது குஷ்டநோய் அவர் உடலைத் தின்றுகொண்டிருந்தது. உறுதிமொழி பெற்றுக்கொண்டு விடுவித்தார்கள். அந்த உறுதிமொழியை அவருடைய குறையாகச் சொல்லுவோர் அவருடைய புண்களையும் கூடவே நினைக்கவேண்டும். எழுதிய விரல்கள் நோயினால் சிதைந்த பின்னும் பொதுக் காரியங்களை அவர் மறக்கவில்லை. 1916 ஏப்ரல் 18-ஆம் தேதி காலமானார்.

அவர் மறைந்து முப்பத்தோராண்டு கழித்து, 1947-ல், உப்பு வரி அறவே ஒழிந்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் கூடாதென்று நமது அரசியல் சட்டத்தின் 265-ஆம் விதியும், சட்டப்படியன்றிப் பொது நிதியிலிருந்து பணம் எடுக்கலாகாதென்று 266-ஆம் விதியும் கூறுகின்றன. தணிக்கை செய்யப் பெரிய அதிகாரி ஒருவரும் இருக்கிறார். ஐயர் தலைமுறை கெஞ்சிக் கேட்டதை நாம் உரிமையாகப் பெற்றுவிட்டோம்.

ஆனால் உரிமை ஏட்டில் இருப்பது வேறு, நாவில் இருப்பது வேறு. இன்று கூக்கால் விவசாயி உப்புக்கு வரி கொடுப்பதில்லை. உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் ஜி.எஸ்.டி. கொடுக்கிறான். அவன் விற்கும் பச்சைப் பூண்டுக்கு வரியில்லை என்பது சலுகை போலத் தோன்றும். ஆனால் வியாபாரி தான் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்வதுபோல இவன் கழித்துக்கொள்ள வழியில்லை. வரிச்சுமை அவனிடமே தங்கிவிடுகிறது. அன்று உப்பில் மறைந்து ஏறிய வரி இன்று உரமூட்டையில் மறைந்து ஏறுகிறது. வரி அதிகம், செலவு விரயம் என்று டீக்கடையில் அலுத்துக்கொள்கிறோம். வரவு செலவுத் திட்டம் வெளிவரும் நாளில் எது ஏறும், எது இறங்கும் என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. கிராம சபை கூடும் நாளில் ஊராட்சியின் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிப்பவர் ஊருக்கு எத்தனை பேர்?

கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் தொடங்கி, ஒரு சாம்ராஜ்யத்தின் பேரேட்டைத் திறக்கச் சொன்னவரின் நாட்டில், நம்முடைய சொந்தப் பேரேட்டைத் திறந்து பார்க்க நமக்கு நேரமில்லை என்பது தகாது. அவருக்குச் சிலை வைப்பது எளிது. அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, இந்த ரூபாய் எங்கே சென்றது என்று தமிழில் அமைதியாகக் கேட்பதே அவருக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதை.